புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பார்த்தபடி ஒரு மாலை நடை: செய்முறை

புதுச்சேரிக்கு வருவோர் பெரும்பாலும் கடற்கரையில் தொடங்கி, மஞ்சள் சுவர்களின் முன் படம் எடுத்துக்கொண்டு, கடலோரப் பிரெஞ்சுப் பகுதியையும் மேற்கிலுள்ள தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டாமலே திரும்பிவிடுகின்றனர். நான் பரிந்துரைப்பது இதற்கு நேர்மாறான வழி. மேற்கே தமிழர் பகுதியில் தொடங்கிக் கிழக்கே கடலை நோக்கி நடக்க வேண்டும். பிற்பகலில் புறப்பட்டால் வெயில் முதுகுப்புறம் இருக்கும். கடற்கரைச் சாலையில் வாகனப் போக்குவரத்தை நிறுத்தும் மாலை 6 மணியளவில் அங்கே சென்று சேரலாம்.

ஒரு பென்சில், சிறு குறிப்பேடு, மாடியின் சுதை வேலைப்பாட்டைப் பார்க்க எடை குறைந்த பைனாகுலர் ஆகியவை போதும். கைப்பேசியைப் பையில் வைத்துவிடுவதே நல்லது. அண்ணாந்து எடுக்கும் படத்தில் தூண்கள் சாய்ந்து தெரிவதோடு, படம் எடுத்த மறுகணமே கண்ணும் அடுத்த வீட்டுக்குத் தாவிவிடுகிறது. வாடகை மிதிவண்டியும் இந்த வேலைக்கு உதவாது.

படி 1. பெரிய மார்க்கெட்டின் அருகே உள்ள ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் தொடங்குங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும், இருந்த பிள்ளை 1738-இல் கட்டி முடித்த இந்த வீட்டின் கீழ்த்தளம் தமிழ் முறையிலும், மேல்தளம் வெண்ணிறத் தூண்களுடன் ஐரோப்பிய முறையிலும் அமைந்தவை. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்தனர்; இன்று நாம் காணும் பழைய வீடுகளில் பெரும்பாலானவை 1765-க்குப் பின் எழுந்தவை என்பதால், அதற்கு முந்தைய இந்த மாளிகை தனி மதிப்புடையது.

படி 2. நேரு வீதியைக் கடந்து வடக்கே வைசியாள் வீதிக்கு வாருங்கள். இங்குதான் நிதானம் தேவை. தொடங்குவோர் வாசற்கதவின் செதுக்கு வேலையிலேயே நின்றுவிடுவதால் வீட்டின் முழு அமைப்பு அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. எதிர்ச்சாரிக்குச் சென்று, ஒரே வீட்டை மூன்று அடுக்காகப் பிரித்துப் பாருங்கள். தரைமட்டத்தில் திண்ணையும், மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பாகத் தெருவை நோக்கி இறங்கும் தாழ்வாரமும் இருக்கும். அதற்கு மேலே, அதே வீட்டின் மாடியில், வளைவு வைத்த சன்னல்களும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்களும் தெரியும். உச்சியில் குட்டித் தூண்கள் வரிசையிட்ட கைப்பிடிச் சுவர். இம்மூன்றையும் மூன்று கோடுகளாகக் குறிப்பேட்டில் வரைந்து, தமிழ் முறை எந்த மட்டத்தில் முடிந்து பிரெஞ்சு முறை தொடங்குகிறது என்று குறியிடுங்கள். நாலைந்து வீடுகளை இவ்வாறு வரைந்தபின், மாடி பிற்காலத்தில் ஏற்றப்பட்டதா என்ற கேள்வி தானாகவே எழும்.

சுவரின் அடிப்பகுதியில் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்திருந்தால் உற்றுப் பாருங்கள். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும்; அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கும். வண்ணம் அழகாக இருக்கிறதா என்பதைவிட இதைக் கவனிப்பதே பயனுள்ளது என்பது என் கருத்து.

படி 3. வாய்க்காலைத் தாண்டிப் பிரெஞ்சுப் பகுதிக்கு வந்ததும் ரொமேன் ரோலண்ட் வீதியிலும் துய்மா வீதியிலும் தெற்கு நோக்கி நடங்கள். இங்கே திண்ணை மறைந்து, உயர்ந்த மதிலும் வளைவு வாயிலும் சாய்பட்டிகள் பொருத்திய மரச்சன்னல்களும் தெருவை நோக்கி நிற்கும். தோட்டம் மதிலுக்கு உள்ளே இருக்கும். தமிழ் வீடு தெருவில் போவோருக்கு இருக்கை தருகிறது, இந்த வீடு நிழலைத் தனக்கென வைத்துக்கொள்கிறது.

படி 4. கடற்கரைச் சாலையில் நகராட்சிக் கட்டடமான மேரியைப் பாருங்கள். 2014 மழையில் இடிந்து, பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. அதன் விளிம்புகளின் நேர்த்தியை நீங்கள் வரைந்த வீடுகளோடு ஒப்பிடலாம்.

பின்சேர்க்கை: வாசகர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை சென்று சிரமப்பட்டதாக எழுதியிருந்தனர். அன்று மகாத்மா காந்தி சாலையில் சந்தை கூடுவதால் வீட்டு முகப்புகள் கடைகளுக்குப் பின்னே மறைந்துவிடும். வார நாளே நல்லது. வைசியாள் வீதியைத் தேடி அலைந்தவர்கள் வரைபடத்தில் கல்வே சுப்பராயச் செட்டி வீதி என்ற பெயரிலும் தேடுங்கள்.