அம்மாவோடு காம்பிங் போக: கூடாரமா, ஹமக்கா, சின்ன ட்ரெயிலரா?

கனடாவின் ஒன்ராறியோவில் முதல்முறை காம்பிங் போகிறவர்கள் கடைக்குப் போனதும் கூடாரம் பார்க்கத் தொடங்குவார்கள். நான் ஆளில் தொடங்கச் சொல்லுவேன். உங்கள் குடும்பத்தில் இரவில் எழும்பி வெளியே போகிறவர் யார்? அவருக்கு எது தோதோ அதை முதலில் தீர்மானியுங்கள். மற்றவர்கள் அதற்குள் அடங்கிவிடுவார்கள்.

எங்கள் வீட்டில் அது அம்மா. எழுபதைத் தாண்டியவர், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். நிலத்தில் இருந்து எழும்ப ஏலாது. கூடவே பெரிய மாமா வருவார். சீபாப் மூச்சுக் கருவி போடாமல் அவர் நித்திரை கொள்ளக் கூடாது. இவர்கள் இரண்டு பேரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. வன்னிக் காட்டு வழியெல்லாம் நடந்து திரிந்த மனிசிக்கு, இங்கத்தைய காட்டையும் வாவியையும் பார்க்கும் உரிமை எங்களைவிடக் கூடவே இருக்கிறது. ஆகவே நான் சொல்லப்போவது முழுக்க இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துத்தான்.

காசு மட்டென்றால் கூடாரத்தில் குறையுங்கள், படுக்கையில் குறைக்காதீர்கள். ஜூலையில் பகல் வெயில் கொளுத்தினாலும் அல்கோன்குவின் பூங்காப் பக்கம் விடியப்புறம் 10 பாகை வரைக்கும் இறங்கும் இரவுகள் உண்டு. அந்தக் குளிர் நிலத்தில் இருந்துதான் ஏறும். எவ்வளவு தடித்த போர்வை என்றாலும் உடம்பின் பாரத்தில் அதன் கீழ்ப்பக்கம் நசுங்கிவிடும்; நசுங்கியது சூடு பிடிக்காது. எங்கள் ஆட்கள் அதிகம் வாங்குவது பெரிய காற்று மெத்தை. அதற்குள் இருக்கும் காற்று சும்மா இராது, சுழன்று சுழன்று உடம்புச் சூட்டை நிலத்துக்குக் கடத்திவிடும். இரவு குளிர உள்ளே காற்று சுருங்கி மெத்தை தொய்யும். ஓட்டை விழுந்துவிட்டதென்று நினைத்து எறிந்தவர்களை எனக்குத் தெரியும். ஏற்கெனவே உங்களிடம் காற்று மெத்தை இருந்தால் மேலே ஒரு ஃபோம் விரிப்போ கம்பளியோ போட்டுப் படுங்கள், பெரிய வித்தியாசம் தெரியும்.

அம்மாவுக்கு அது சரிவராது. விளிம்பில் இருந்து எழும்பப் பார்த்தால் விளிம்பு அமுங்கி ஆளை நிலத்துக்கு இறக்கிவிடும். அவருக்கு மடிப்புக் கட்டில்தான். 40 முதல் 45 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். இருக்கும்போது இரண்டு பாதமும் நிலத்தில் படிய வேண்டும், இடுப்பு முழங்காலைவிடத் தாழக் கூடாது. கட்டில்களில் பல 20 செ.மீ. உயரத்தோடு விற்கப்படுகின்றன, படத்தைப் பார்த்து ஓடர் பண்ணாமல், படுக்கப்போகிறவரைக் கடைக்கே கூட்டிக்கொண்டுபோய் இருத்திப் பாருங்கள். தாங்கும் எடையையும் வாசியுங்கள். கட்டில் கால்கள் கூடாரத்தின் அடித்துணியைக் கிழிக்கும் என்பதால் ஒவ்வொரு காலுக்கும் கீழே பழைய கார்ப்பெட் துண்டு வையுங்கள்.

கட்டிலுக்குக் கீழேயும் குளிர்காற்று ஓடும். அதனால் கட்டிலின் மேல் தானாக ஊதும் பாய் ஒன்று வேண்டும். பாய்களில் ஆர் மதிப்பு (R-value) என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். கூடக்கூடக் குளிரை நன்றாகத் தடுக்கும். ஜூலை, ஆகஸ்டுக்கு 2 அல்லது 3 காணும். மே நீண்ட வார இறுதிக்கும் ஒக்டோபரில் வரும் தாங்ஸ்கிவிங்குக்கும் 4க்குக் குறையாமல் எடுங்கள். இரண்டு பாயை ஒன்றின்மேல் ஒன்று போட்டால் எண்களும் கூடும்: 2 உள்ள ஃபோம் பாயும் 3 உள்ள ஊதும் பாயும் சேர்ந்து 5. புதுப் பாய் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இது நல்ல வழி.

உறக்கப் பையில் இரண்டு வெப்பநிலை இருக்கும், ஒன்று வசதி அளவு (Comfort), மற்றது எல்லை அளவு (Limit). ஐஎஸ்ஓ 23537 என்ற தரமுறைப்படி வசதி அளவு ஒரு சாதாரணப் பெண்ணையும் எல்லை அளவு ஒரு சாதாரண ஆணையும் வைத்துக் கணிக்கப்படுகிறது. பையின் முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது அனேகமாக எல்லை அளவு. நீங்கள் பார்க்க வேண்டியது வசதி அளவை. வயதானவர்களுக்கு அதிலும் ஐந்து பாகை கூடச் சூடு தருவதை எடுங்கள். எகிப்திய மம்மிபோல் ஆளை ஒடுக்கும் பைகளுக்குள் முழங்கால் மடங்காது. நீள்சதுரமாக, முழுதாகத் திறக்கிற பைதான் அம்மாமாருக்குச் சரி.

இனிக் கூடாரம். 'ஆறு பேர்' என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஆறு பேர் தோளோடு தோள் ஒட்டி, ஒரு பையும் இல்லாமல் படுக்கலாம் என்று பொருள். அதில் இரண்டு கட்டிலும் இரண்டு பையும் வைத்தால் இடம் முடிந்தது. ஒரே பெரிய கூடாரத்தைவிட இரண்டு கூடாரம் நல்லது: பெரியவர்களுக்கு நிமிர்ந்து நின்று உடுப்பு மாற்றக்கூடிய, நடுவில் ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒன்று, பிள்ளைகளுக்குத் தாழ்ந்த குவிமாடக் கூடாரம். நள்ளிரவு வரைக்கும் கதைத்துச் சிரிக்கிற பிள்ளைகள் தனியே இருந்தால் எல்லோருக்கும் நித்திரை வரும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஓர் இடத்தில் மூன்று கூடாரங்கள் வரை போடலாம், ட்ரெயிலர் கொண்டுபோனால் அது அந்த மூன்றில் ஒன்று. குடும்பம் ஒன்றாக இல்லாவிட்டால் ஆறு பேருக்கு மேல் தங்க விடமாட்டார்கள்.

கூடாரக் கதவின் கீழ் விளிம்பைக் கவனியுங்கள். சிலவற்றில் அது ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். இருட்டில் கால் தடக்கும். மழைத்துணி உச்சியில் தொப்பிபோல் மட்டும் இருக்கிறதா, நிலம் வரைக்கும் இறங்குகிறதா என்றும் பாருங்கள். தொப்பி மட்டும் உள்ளது சாய்ந்தடிக்கும் மழைக்கு நிற்காது. நீர் தாங்கும் அளவு, அதாவது எவ்வளவு உயரத்துக்கு நீர் நின்றாலும் துணி ஒழுகாது என்ற எண், மழைத்துணிக்கு 1,500 மி.மீ., அடித்துணிக்கு 3,000 மி.மீ. இருந்தால் கோடைமழைக்குப் போதும். கீழே விரிக்கும் தறப்பாள் கூடாரத்துக்கு வெளியே துளியும் நீட்டக் கூடாது. நீட்டினால் மழைநீரை வாங்கி உங்கள் படுக்கைக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். காலையில் உள்ளே ஈரமாக இருந்தால் மழை ஒழுகிவிட்டதென்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் நம் மூச்சுதான் துணியில் நீராகப் படிந்திருக்கும். குளிர் என்றாலும் மேல் காற்றுவழியை மூடாதீர்கள்.

போகிற இடமும் கூடாரத்தைத் தீர்மானிக்கும். சாண்ட்பாங்ஸ் பூங்காவில் மணல், கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பிகள் அங்கே பிடிக்காது, அகலமான மணல் ஆணிகள் வேண்டும். பான் எக்கோ, கில்பெயர் பூங்காக்களில் சில இடங்களில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை. ஆணி இல்லாமலே தன் காலில் நிற்கும் கூடாரம்தான் அங்கே உதவும், கயிறுகளைக் கல்லில் கட்டலாம். கில்பெயரில் ஜோர்ஜியன் விரிகுடாக் காற்றும் பலமாக அடிக்கும். நெடுஞ்சுவர்க் கூடாரம் அந்தக் காற்றில் ஆடும், மரங்களுக்குள் தள்ளிப் போடுங்கள். மசசோகா கிலுகிலுப்பைப் பாம்பு வாழும் இடமும் அதுதான். கடிப்பதற்காகத் தேடி வராது, ஆனால் இரவில் செருப்பும் வெளிச்சமும் இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. மே நடுவில் இருந்து ஜூன் முடியும் வரை அல்கோன்குவினில் கருஈ. அது பகலில் கடிக்கிற சாதி, கூடாரத்துக்குள் வந்துவிட்டால் கடிக்காமல் வெளியே போகத்தான் பார்க்கும். அம்மாவோடு போவதென்றால் நான் ஆகஸ்டைத்தான் எடுப்பேன்.

இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டும் துணித்தொட்டில்தான் ஹமக். அதைப் பற்றி மகனைக் கேட்டால் அதுவே போதும் என்பான். இளம் ஆட்களுக்கு உண்மையாகவே அருமையான படுக்கை. கல், வேர், சரிவு ஒன்றும் முதுகைத் தொடாது. குழந்தைக்குச் சேலையில் ஏணை கட்டும்போது துணியைத் தாராளமாக விட்டுக் கட்டுவோமே, அதே முறைதான்: இழுத்துக் கட்டினால் ஆளை இரண்டு பக்கமும் நெரிக்கும். கயிறு நிலமட்டத்துக்கு ஏறத்தாழ 30 பாகை சாய்வில் இறங்கட்டும். துணி பத்தடிக்குக் குறையாமல் இருக்கட்டும். நேராகப் படுக்காமல் மூலைவாட்டில் படுத்தால் முதுகு வளையாது. மரத்தில் வெறும் கயிறு கட்டாதீர்கள், பட்டையை அறுத்துவிடும். ஓர் அங்குலத்துக்குக் குறையாத நாடாப்பட்டி வேண்டும். வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போனால் காற்று முதுகின் கீழே ஓடிக் குளிரும், துணிக்கு வெளியே தொங்கவிடும் கீழ்ப்போர்வை இல்லாமல் இரவு கழியாது. அம்மாமார் பகலில் ஆசைக்கு இருந்து பார்க்கட்டும், யாராவது பக்கத்தில் நின்று கை கொடுத்து.

ட்ரெயிலர் வாங்கும் யோசனை வருவதற்கு முன் யேர்ட்டில், அதாவது பூங்காவே நிரந்தரமாகப் போட்டு வாடகைக்கு விடும் கூடாரக் குடிலில், ஒருமுறை தங்கிப் பாருங்கள். அல்கோன்குவினின் மியூ லேக், பைனரி, மக்கிரெகர் பொயின்ட், சைலன்ட் லேக், கில்லார்னி ஆகிய மாகாணப் பூங்காக்களில் உண்டு. தளம் உயரத்தில் இருக்கும், கட்டில் இருக்கும், மின்சூடு இருக்கும். பொயின்ட் பீலி, தவுசண்ட் ஐலண்ட்ஸ் தேசியப் பூங்காக்களில் மத்திய அரசின் ஓடென்டிக் கூடாரங்கள் அதே வகை. எங்கள் மாதிரி மூப்புள்ள குடும்பத்துக்கு இவற்றைவிடக் குறைந்த தொல்லை வேறில்லை. இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.

சின்ன ட்ரெயிலர்களில் மூன்று வகையை அதிகம் காண்பீர்கள். டென்ட் ட்ரெயிலர் மடிந்து தாழ்வாகப் போகும், இழுப்பது சுலபம். ஆனால் அதன் பெரிய கட்டில்கள் இரண்டு அந்தத்திலும் இடுப்புயரத்தில் இருக்கும். அம்மா ஏற முடியாது. மேசையை இறக்கி உண்டாக்கும் நடுக்கட்டில்தான் அவருக்கு. ஈரத்தோடு மடித்து வந்தால் வீட்டில் திரும்ப விரித்துக் காயவிட முற்றம் வேண்டும். கொண்டோ அடுக்குமாடியில் இருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். நீர்த்துளி வடிவ டியர்டிராப் ஒரு சோடிக்கு அழகானது, நிமிர முடியாது, குசினி பின்கதவில், மழையில் நனைந்துதான் சமையல். 16, 17 அடி நீளமுள்ள கெட்டிச்சுவர் ட்ரெயிலரில் கழிவறை உள்ளேயே இருக்கும். என் அம்மாவுக்கு எதை எடுப்பேன் என்றால் இதைத்தான். கட்டில் மூன்று பக்கமும் சுவரோடு ஒட்டியிருந்தால் உள்பக்கத்தில் படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். ஆகவே காட்சிக்கு நிற்கும் வண்டிக்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருவரும் படுத்து எழும்பிப் பாருங்கள்.

எடைக் கணக்கை இங்கே நிறுத்தி நிதானமாகப் போடுங்கள். எங்கள் ஆட்களிடம் அதிகம் இருக்கும் டொயோட்டா சியன்னா, ஹொண்டா ஒடிசி மினிவான்கள் 3,500 இறாத்தல் வரை, அதாவது சுமார் 1,590 கிலோ, இழுக்கக் கூடியவை. விற்பவர் சொல்வது ட்ரெயிலரின் வெற்றெடை. தண்ணீர், காஸ், சாமான், அரிசிச் சாக்கு எல்லாம் ஏற்றியபின் இருக்கக்கூடிய உச்ச மொத்த எடை ட்ரெயிலரின் கதவுப் பக்கத் தகட்டில் இருக்கும், அதைத்தான் கணக்கெடுக்க வேண்டும். 80 லீட்டர் தண்ணீர்த் தாங்கி நிறைந்தாலே 80 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் வானோடு பூட்டும் கொளுக்கியில் இறங்க வேண்டும்: 1,200 கிலோ ட்ரெயிலருக்கு 120 முதல் 180 கிலோ. அந்தப் பாரமும் வானில் ஏறும் ஏழு பேரின் எடையும் சேர்ந்து வானின் சுமை எல்லையைத் தாண்டக் கூடாது, பலர் விடுவது இதைத்தான். பின்பக்கத்தில் பாரத்தை அடுக்கினால் கொளுக்கி இலேசாகி, நெடுஞ்சாலை 400இல் ட்ரெயிலர் பாம்புபோல் நெளியத் தொடங்கும். ஒன்ராறியோவில் சாதாரண ஜி ஓட்டுநர் உரிமத்தோடு 4,600 கிலோ வரை இழுக்கலாம். 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத் தனி பிறேக் கட்டாயம். ட்ரெயிலருக்கென்று தனி இலக்கத் தகடும் வேண்டும். முதலில் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள்.

மாமாவின் கருவிக்காக நாங்கள் மின் இணைப்புள்ள இடம்தான் எடுப்போம். மின்சாரமில்லாத இடமென்றால் கருவியின் சூட்டு ஈரப்பதமூட்டியை அணைத்துவிட்டால் மின்கலம் அதிக நேரம் நிற்கும், மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். 15 அம்பியர் இணைப்பில் 1,500 வாட் சூடாக்கியும் கேத்தலும் ஒன்றாகப் போட்டால் மின் தடைப்படும். கரி அடுப்பையோ காஸ் அடுப்பையோ மழைக்காகக் கூடாரத்துக்குள்ளும் அதன் முகப்பிலும் கொண்டுவராதீர்கள், அணைந்துபோனதாகத் தெரியும் கரியைக்கூட. அதில் இருந்து வரும் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது, நித்திரையிலேயே ஆளைக் கொல்லும். மழைக்கு உயரமான தறப்பாள் கட்டி, நாலு பக்கமும் திறந்த இடத்தில் தேத்தண்ணி வையுங்கள். சாப்பாடு, பற்பசை, மிக்சர் எல்லாம் இரவில் வானுக்குள். கரடிக்கு நம் கறி மணம் நன்றாகவே பிடிபடும்.

மாகாணப் பூங்காக்களில் இடம் ஐந்து மாதத்துக்கு முன்பே, காலை 7 மணிக்குப் பதிவுக்குத் திறக்கும். ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளுக்கு அந்த நிமிடமே கணினிக்கு முன் இருக்க வேண்டும். வரைபடத்தில் குளியலறைக் கட்டடத்துக்கு நூறு மீற்றருக்குள், ஆனால் அதன் வாசலுக்கு நேரே இல்லாத இடமாகப் பாருங்கள். வாசலுக்கு நேரே என்றால் விடிய விடிய வெளிச்சமும் கதவுச் சத்தமும். அப்படி இடம் அமையவில்லையென்றால் சின்னக் கழிவறைப் பெட்டியும், அதை மூடி நிற்கும் ஒடுங்கிய கூடாரமும் வாங்குங்கள். அம்மாவின் கதவில் இருந்து நாலு எட்டில், இடையில் கயிறோ வேரோ இல்லாத பக்கத்தில் வையுங்கள். கூடாரக் கயிறுகள் மற்றப் பக்கங்களுக்கு, வெளிச்சத்தில் மினுங்குகிற வகையில். பெட்டியைப் புறப்படும் அன்று பூங்காவின் கழிவு இறக்கும் நிலையத்தில் ஊற்றிக் கழுவலாம். பெரும்பாலும் அது வெளியே போகும் வழியிலேயே இருக்கும்.