சைக்கிள் பேட் ஷார்ட்ஸ் வாங்கும் முன் கடையிலேயே குனிந்து பாருங்கள்

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்பினால் 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். முதல் 30, 40 கிலோமீட்டர் எந்த ஷார்ட்ஸிலும் ஓடிவிடும், அதற்கப்புறம்தான் பேடின், அதாவது ஷார்ட்ஸில் உட்காரும் இடத்தில் தைத்த மெத்தையின், தரம் தெரியும்.

தடிமனான பேட்தான் சொகுசு என்று நினைக்காதீர்கள். மெத்தென்ற ஸ்பாஞ்ச் போகப் போக அமுங்கிவிடும். உட்காரும் எலும்புகள் படுகிற இடத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள், ஃபோம் அடர்த்தியாக இருந்து கையை எடுத்ததும் மேலெழும்ப வேண்டும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாக அதிகம் என்பதால் அவர்களுக்கென்றே தைத்த பேடாகப் பார்த்து வாங்குங்கள்.

போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் குனியுங்கள். நிற்கும்போது கொஞ்சம் இழுத்துப் பிடித்தாலும் சரி, குனிந்ததும் பேட் மடிப்பில்லாமல் உடம்போடு ஒட்ட வேண்டும். லூசாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் நகர்ந்து தோலை உரித்துவிடும்.

உள்ளே ஜட்டி வேண்டவே வேண்டாம்! முதலில் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் நம் ஊர் வியர்வையில் அந்தத் தையல் தொடையில் உரசுகிற எரிச்சல் இரண்டு நாளைக்குப் போகாது.

200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் சவாரி) மாதிரி நீண்ட சவாரிக்குத் தோளில் மாட்டும் பட்டை வைத்த பிப் ஷார்ட்ஸ்தான் என் தேர்வு, வயிற்றை எலாஸ்டிக் அறுக்காது. கழிப்பறைக்குப் போகும்போது மட்டும் கொஞ்சம் சிரமம்.

வந்தவுடன் துவைத்து நிழலில் உலர்த்துங்கள், துணியை மென்மையாக்கும் கண்டிஷனர் சேர்க்காதீர்கள்.