பவர் விண்டோ ஏறவில்லையா? கதவைப் பிரிக்கும் முன் காதைக் கொடுங்கள்

கார்க் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால் பலரும் உடனே "மோட்டார் போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். புது மோட்டார் போட்ட பிறகும் கண்ணாடி ஏறாமல் நிற்பதுண்டு. பழுது எங்கே என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்கு முதலில் காது போதும்.

சத்தம் சொல்லும் சேதி

இக்னிஷனை ஆன் செய்யுங்கள். டிரைவர் கதவிலுள்ள விண்டோ லாக் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது மற்ற கதவுகளின் சுவிட்சுகளை முடக்கிவிடும். அப்புறம் கதவில் காதை வைத்துக்கொண்டு சுவிட்சை அழுத்துங்கள்.

மோட்டார் சுற்றுகிறது, கண்ணாடி மட்டும் அசையவில்லை என்றால் ரெகுலேட்டரில்தான் கோளாறு. கண்ணாடியைத் தூக்கி இறக்கும் பாகம் அது. கேபிள் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் பகுதி உடைந்திருக்கும். கறகறவென்று சத்தம் வந்தாலும் சந்தேகம் அதன் மேல்தான்.

கண்ணாடி திணறித் திணறி ஏறினால் கதவைப் பிரிக்க அவசரப்படாதீர்கள். கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங்கைத் துடைத்து, சிலிகான் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். பல கார்களுக்கு இதுவே போதும். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ வேண்டாம்; தூசி ஒட்டும், ரப்பரும் கெடும்.

சத்தமே இல்லையா? கேபின் விளக்கைப் போட்டுவிட்டு சுவிட்சை அழுத்துங்கள். வெளிச்சம் லேசாக மங்கினால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் எதுவோ இறுகி நிற்கிறது என்று அர்த்தம். மங்கினாலும் மங்காவிட்டாலும், சுவிட்சை அழுத்தியபடியே கதவின் உட்பக்கத்தை உள்ளங்கையால் தட்டும்போது மோட்டார் திடீரென்று ஓடினால், அதன் கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கரித்துண்டு) தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மங்கவே இல்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், வயர் என்று வரிசையாகப் பாருங்கள். எல்லாக் கண்ணாடிகளும் சேர்ந்து நின்றால் முதலில் ஃபியூஸ். டிரைவர் சுவிட்சில் ஏறி, அந்தந்தக் கதவின் சுவிட்சில் ஏறாவிட்டால் அந்தக் கதவின் சுவிட்ச். கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயை மறக்காதீர்கள். கதவைத் திறந்து மூடி மூடி, அதற்குள் வயர் ஒடிவது பழைய கார்களில் சகஜம்.

டோர் பேடைக் கழற்றுவது

டோர் பேட் என்பது கதவின் உட்பக்க மூடி. முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். கதவில் ஏர்பேக் இருந்தால், காரோடு வந்த கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே கை வையுங்கள். உள் கைப்பிடியின் பின்னாலும், ஆர்ம்ரெஸ்டின் குழியிலும், சின்ன மூடிகளுக்கு அடியிலும் ஸ்க்ரூக்கள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றையும் எடுத்த பிறகு, கீழ் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்பியால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, பேடை மேல்நோக்கித் தூக்குங்கள். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சுவிட்ச் கனெக்டரும் பூட்டின் கேபிளும் இன்னும் மாட்டியிருக்கும்.

உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் மெதுவாக உரியுங்கள். கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அதுதான். வேலை முடிந்ததும் பசை சுற்றிலும் பிடிக்கும்படி திரும்ப ஒட்டியாக வேண்டும்.

மோட்டாரா, வயரா?

இனி சோதனைக்காக சுவிட்சை மாட்டி, பேட்டரியையும் இணையுங்கள். மோட்டாரின் கனெக்டரைப் பிடுங்கி, அதில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து சுவிட்சை அழுத்தினால் ஏறக்குறைய 12 வோல்ட் காட்ட வேண்டும். எதிர்த்திசையில் அழுத்தினால் அதே அளவு மைனஸில் வரும். இரண்டு வயர் மட்டும் உள்ள சாதாரண மோட்டார்களுக்கே இது பொருந்தும். இன்னொன்று: ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர்கூட மீட்டரில் 12 வோல்ட் காட்டும். அதனால் அதே இடத்தில் 12 வோல்ட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்துப் பார்ப்பது எனக்கு மேலாகப் படுகிறது. பல்பு பிரகாசமாக எரிந்தும் மோட்டார் ஓடாவிட்டால் மோட்டாரை மாற்றுங்கள்.

ரெகுலேட்டரை மாற்றும்போது

பேட்டரியை மறுபடியும் கழற்றுங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, கையால் முழுதாக மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தின் மேல் இருபுறமும் வரும்படி அகலமான டேப்பால் இறுக ஒட்டுங்கள். கதவின் தகடு கத்தி போல வெட்டும், கையுறை கட்டாயம்.

கத்தரிக்கோல் வகை ரெகுலேட்டரில் பலமான ஸ்பிரிங் இருக்கும். மோட்டாரை மட்டும் தனியாகக் கழற்றினால் ரெகுலேட்டரின் கை சுழன்று வந்து விரலை நசுக்கிவிடும். ரெகுலேட்டரின் அந்தக் கையைக் கிளாம்ப் போட்டு இறுக்காமல் மோட்டாரைத் தொடவே கூடாது. கேபிள் வகையில் அறுந்த கேபிளைத் தனியாகக் கோக்க முயல்வதைவிட முழு ரெகுலேட்டரையும் மாற்றுவதே புதியவர்களுக்கு நல்லது.

புதியதைப் பொருத்தி, கண்ணாடி போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். பேட்டரியை இணைத்து, கண்ணாடியை முழுதாக மேலே ஏற்றி, அது பீடிங்கில் நேராக உட்கார்ந்த பிறகு இறுக்குங்கள். பேடைப் போடும் முன்பே சில முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றியதால் ஒரே தட்டில் ஏறும் ஆட்டோ வசதி வேலை செய்யாமல் போகலாம். பல கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றிய பிறகும் சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்திருந்தால் அது திரும்பிவிடும். உங்கள் காருக்கான முறை கையேட்டில் இருக்கும்.