ஓஎல்இடி டிவியை உடனே சுவர் சுவிட்சில் அணைக்காதீர்கள்

டிவி பார்த்து முடித்ததும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவது பல வீடுகளில் வழக்கம். சாதாரண எல்இடி டிவிக்கு அதனால் பாதகமில்லை. ஓஎல்இடிக்கு அப்படியில்லை. அதில் ஒவ்வொரு பிக்சலும் (படத்தை உருவாக்கும் நுண்புள்ளி) தானே ஒளிர்கிறது, ஒளிர ஒளிரத் தேய்கிறது. செய்திச் சேனலின் லோகோ தினமும் மணிக்கணக்கில் ஒரே மூலையில் நின்றால், அந்த இடம் மட்டும் முந்தித் தேய்ந்து நிழலாகத் தங்கிவிடும்.

இதைச் சமன்செய்யும் வேலையை டிவி ஸ்டாண்ட்பையில்தான், அதாவது ரிமோட்டில் அணைத்தும் சுவர் சுவிட்ச் போட்டபடி இருக்கும்போதுதான், செய்கிறது. பொதுவாக மொத்தம் 4 மணி நேரம் ஓடியபின், ரிமோட்டில் அணைத்ததும் தானாகத் தொடங்கி சில நிமிடங்களில் முடிந்துவிடும். மின்சாரத்தையே நிறுத்திவிட்டால் எப்படிச் செய்யும்? இடி மின்னல் வரும்போலிருந்தால் மட்டும் யோசிக்காமல் முன்கூட்டியே பிளக்கைப் பிடுங்குங்கள். ஒருநாள் தவறினால் குடிமுழுகிவிடாது.

அப்புறம், இதே சமன்செய்யும் வேலைக்கு மெனுவில் நாமே இயக்கும் 'பிக்சல் ரெஃப்ரெஷ்' உண்டு. திரையில் அந்த நிழல் தெரிந்தால் மட்டும் அதைத் தொடுங்கள். அடிக்கடி ஓட்டினால் பேனலின் ஆயுள்தான் குறையும். படத்தை மிகப் பிரகாசமாகக் காட்டும் விவிட் மோடும் வேண்டாம், பிக்சல்கள் சீக்கிரம் தேயும்.

நாள் முழுக்க செய்திச் சேனல் ஓடும் வீடென்றால், ஓஎல்இடியே வாங்க வேண்டாம் என்பேன்.