உம்ராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் மீகாத்

உம்ரா என்னும் புனிதப் பயணத்துக்குக் குழுக்களை மக்காவுக்கு அழைத்துச் செல்பவன் என்ற முறையில், தவாஃபின் (கஅபாவைச் சுற்றிவருவதன்) சுற்று எண்ணிக்கையில் குழம்புவது போன்ற பிழைகளைப் பற்றி நான் இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. அவற்றை உடன் வருபவரே திருத்திவிடுவார். திருத்த முடியாத நிலைக்கு வந்த பிறகே தெரியவரும் தவறுதான் என்னை இன்றும் வருத்துகிறது.

இஹ்ராம் இன்றி மீகாத்தைக் கடப்பது

உம்ராவுக்காக வருபவர் இஹ்ராம் என்னும் புனித நிலையைப் பூண வேண்டிய எல்லைகளான மீகாத்களை நபி (ஸல்) அவர்களே வகுத்துத் தந்தார்கள்: மதீனாவின் திசையில் துல்ஹுலைஃபா, நஜ்தின் திசையில் கர்னுல் மனாஸில், யமனின் திசையில் யலம்லம். இந்தியாவிலிருந்து ஜித்தா செல்லும் விமானம் தரையிறங்கும் முன்பே இந்த எல்லையைத் தாண்டிவிடும். அறிவிப்பு வரும் வேளையில் பலர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். சிலருடைய இஹ்ராம் துணியோ சரக்கில் போட்ட பெட்டிக்குள் இருக்கும்.

"ஜித்தாவில் இறங்கி மாற்றிக்கொள்ளலாம்" என்று பயண முகவர் ஒருவர் சொன்னதை நம்பி வந்த முதிய தம்பதியர், மக்கா விடுதியில் உண்மை தெரிந்து கண்கலங்கியதைக் கண்டிருக்கிறேன். ஜித்தாவையே மீகாத்தாகக் கொள்ளலாம் என்று கூறும் அறிஞர்கள் சிலர் இருந்தாலும், பெரும்பான்மையோர் அதை ஏற்பதில்லை. தன்ஈம் பள்ளிவாசலுக்குப் போய்வந்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து அறைக்காரர் ஒருவர் அவர்களுக்கு யோசனை சொன்னார், அதுவும் தவறு. தன்ஈம், மக்காவில் இருப்பவர் உம்ராவுக்காக வெளியே சென்று இஹ்ராம் பூணும் ஹரம் என்னும் புனிதப் பகுதியின் எல்லையே தவிர, தவறவிட்ட மீகாத்துக்கு ஈடாகாது. இஹ்ராம் பூணுமுன் மீகாத்துக்கே திரும்பிச் செல்ல வேண்டும். எல்லையைக் கடந்தபின் இஹ்ராம் பூண்டு உம்ராவை முடித்துவிட்டால், ஹரம் எல்லைக்குள் ஓர் ஆட்டை அறுத்து ஏழைகளுக்குக் கொடுக்கும் 'தம்' கடமையாகும்.

ஆகவே ஆண்கள் விமானம் ஏறும் முன்பே தைக்காத இஹ்ராம் துணியை உடுத்திக்கொள்ளுங்கள்; எல்லை நெருங்கும்போது நிய்யத் (உம்ராவுக்கான எண்ணம்) வைத்து, 'லப்பைக்' என்று தொடங்கும் தல்பியாவைச் சொல்லத் தொடங்குங்கள். துணி கையில் இல்லாவிட்டாலும் நிய்யத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தைத்த உடையோடு இருந்ததற்கான பரிகாரத்தை மார்க்க அறிஞரான ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் மதீனா செல்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் பூணுவார்கள்.

ஸஃயீயை இருமடங்காக்குவது

ஸஃயீ என்பது ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஏழு முறை நடப்பது. போய்வருவதைச் சேர்த்து ஒன்றாக எண்ணினால் அது பதினான்காகிவிடும். ஸஃபாவிலிருந்து மர்வா வரை ஒன்று, திரும்பி வருவது இரண்டு. ஏழாவது மர்வாவில் முடியும்.

நுழைந்த வாயிலைக் கவனிக்காதது

கஅபா இருக்கும் பெரிய பள்ளிவாசலில் நுழைந்த வாயிலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: மன்னர் அப்துல் அஸீஸ் வாயில் 1, மன்னர் ஃபஹத் வாயில் 79.

குளிர்ந்த ஸம்ஸமை மட்டுமே குடிப்பது

குளிரூட்டப்படாத ஸம்ஸம் கிணற்று நீருக்கெனத் தனிக் கலன்கள் பள்ளிவாசலில் உண்டு. தொண்டை கெட்டுப்போகுமுன் அவற்றைத் தேடிக்கொள்ளுங்கள்.