சாப்ட்வேர் சொதப்பினால் எந்தப் பங்கு விழும்? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பல கோடி கொட்டி வாங்கிய இஆர்பி (ERP: ஆர்டர், கிடங்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும்) சாப்ட்வேர் கைகொடுக்கவில்லை என்று செய்தி வந்ததும், அதை விற்ற கம்பெனியின் பங்கை விற்றுவிடலாமா என்றுதான் பலரும் யோசிப்பார்கள். அவசரப்படாமல் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மூன்று பெயரை எழுதுங்கள்

வாங்கியவர், விற்றவர், நிறுவிக் கொடுத்தவர். மூவரில் அடி பெரும்பாலும் வாங்கியவருக்குத்தான். 1999இல் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி எஸ்ஏபி உள்ளிட்ட மூன்று கம்பெனிகளின் சாப்ட்வேரை ஒரே நேரத்தில் ஓட்டத் தொடங்கியது. அதுவும் ஹாலோவீன் பண்டிகைக்கான மிட்டாய் ஆர்டர்கள் குவிகிற ஜூலையில்! கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியவில்லை. லாபம் குறைந்ததும் பங்கு சரிந்ததும் ஹெர்ஷிக்கு.

படி 2: ஒரு வகுத்தல் கணக்கு

ஜெர்மனியின் லிடில் கடைகள் ஏழு வருட உழைப்புக்கும் சுமார் 50 கோடி யூரோ செலவுக்கும் பிறகு, 2018இல் எஸ்ஏபி திட்டத்தைக் கைவிட்டன. லிடில் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும். அந்த சாப்ட்வேரோ விற்பனை விலையில். பழக்கத்தை மாற்ற மனமில்லாமல் சாப்ட்வேரை வெட்டி ஒட்டியதில் வந்த வினை அது. அதே 2018இல் எஸ்ஏபியின் வருவாய் சுமார் 2,470 கோடி யூரோ. லிடில் செலவழித்த மொத்தமும் ஒரே வருடத்தில் எஸ்ஏபிக்கே போயிருந்தாலும், 2 சதவீதம்தான். செய்தி பெரிது, பங்குக்குப் பாதிப்பு சின்னது.

படி 3: பணம் எப்போது கணக்கில் ஏறுகிறது?

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் படிதான். 2001 பிப்ரவரியில் நைக்கி ஒரு குண்டைப் போட்டது. ஐ2 டெக்னாலஜிஸ் தந்த திட்டமிடும் சாப்ட்வேர் ஏர் கார்னெட் ஷூவுக்குத் தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கில் ஆர்டர் போட்டது. ஏர் ஜோர்டனுக்கு ஆயிரக்கணக்கில் குறைத்துவிட்டது. 40 கோடி டாலர் கொடுத்ததற்கு இதுதானா கிடைத்தது என்று நிறுவனர் ஃபில் நைட் நொந்துகொண்டார். நைக்கி பங்கு 20 சதவீதம் போல விழுந்தது, பிறகு எழுந்துவிட்டது.

ஐ2 எழவில்லை. சுமார் 100 கோடி டாலர் லைசென்ஸ் (சாப்ட்வேரைப் பயன்படுத்தும் உரிமையை விற்பது) வருவாயைத் தவறாகக் காட்டியதாக 2004இல் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் வழக்குப் போட்டது. முழுதாக வேலை செய்யாத சாப்ட்வேருக்கும் முழுப் பணத்தை முன்கூட்டியே வருவாயாக எழுதிக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. பல வருடச் சந்தாவாக இருந்தால் பணம் மாதாமாதம் சொட்டுச் சொட்டாகத்தான் கணக்கில் ஏறும். இந்தத் தில்லுமுல்லுக்கு இடம் குறைவு.

படி 4: அறிக்கையைத் திறங்கள்

கம்பெனிகளின் அறிக்கைகள் கிடைக்கும் எட்கர் (EDGAR) என்ற அமெரிக்க அரசுத் தளம் இலவசம். அமெரிக்க கம்பெனி என்றால் 10-கே, எஸ்ஏபி போன்ற வெளிநாட்டு கம்பெனி என்றால் 20-எஃப் ஆண்டறிக்கை. கன்ட்ரோல்-எஃப் தட்டி ‘ரெவென்யூ ரெகக்னிஷன்’ (revenue recognition, அதாவது வருவாயை எப்போது கணக்கில் ஏற்றுகிறார்கள் என்பது) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். அப்புறம் சந்தாவும் பராமரிப்புக் கட்டணமும் மொத்தத்தில் எவ்வளவு, லைசென்ஸ் எவ்வளவு என்று தாளில் குறியுங்கள். வாடிக்கையாளர்கள் கொடுக்கவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் நான் வாங்கமாட்டேன். டெமோ வீடியோ பார்த்துப் பங்கு வாங்குபவர்களோடு எனக்கு வாக்குவாதம் கிடையாது, சிரிப்புதான்.

படி 5: உங்கள் கையில் இருக்கும் மற்ற பங்குகள்

சாப்ட்வேர் பங்கே இல்லாதவருக்கும் இது உண்டு. உறைய வைத்த உருளைக்கிழங்கு ஃப்ரைஸ் விற்கும் லாம்ப் வெஸ்டன், 2023 நவம்பரில் வட அமெரிக்காவில் புதிய இஆர்பிக்கு மாறியது. எந்தக் கிடங்கில் எவ்வளவு சரக்கு என்பதே சரியாகத் தெரியாமல் ஆர்டர்கள் தடுமாறின. 2024 ஏப்ரல் 4 அன்று காலாண்டு முடிவு வந்தது. பங்கு ஒரே நாளில் சுமார் 19 சதவீதம் காலி. அதனால் உங்களிடம் உள்ள ஒவ்வொரு கம்பெனியின் அறிக்கையிலும் ‘இஆர்பி’ என்று ஒருமுறை தேடுங்கள். மாற்றப்போகிறோம் என்று எழுதியிருந்தால், எந்த மாதம் என்பதையும் அவர்களுக்கு விற்பனை சூடுபிடிக்கும் மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள்.