பாத் பாம் பொங்குகிறதா, உடைகிறதா? ஈரக்காற்று ஊர்களுக்கான செய்முறையும் திருத்தமும்

மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் வீட்டில் பாத் பாம் (தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் குளியல் உருண்டை) செய்பவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஈரம்தான் காரணம். இணையத்தில் கிடைக்கும் அளவுகள் பெரும்பாலும் குளிர்ந்த, வறண்ட ஊர்களுக்கானவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் வாங்கும் குமரி மாவட்டத்தில் அவற்றை அப்படியே செய்தால், கலவை அச்சுக்குள்ளேயே பொங்கிவிடும். முதன்முறை செய்பவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை, வெயில் ஏறிய பகலில் செய்து பழகுவது நல்லது.

தேவையானவை

ஆப்ப சோடா 200 கிராம், சிட்ரிக் ஆசிட் 100 கிராம், கான்ஃப்ளவர் மாவு 50 கிராம், தேங்காய் எண்ணெய் 2 டீஸ்பூன், வாசனைத் தைலம் 10 சொட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு ஸ்பிரே பாட்டிலில். கிண்ணத்தால் அளக்காமல் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் சிட்ரிக் ஆசிட் முழுவதும் வினைபுரிய சுமார் 131 கிராம் சோடாவே போதும். மிச்ச சோடா, தண்ணீரில் புளிப்பு தங்கித் தோலை எரிக்காமல் பார்த்துக்கொள்ளும்.

பேக்கிங் பவுடரோ சலவை சோடாவோ இதற்கு ஆகாது. பேக்கிங் பவுடரில் நுரை குறையும். சலவை சோடா தோலை அரிக்கும்.

செய்முறை

1. சோடாவையும் மாவையும் சலித்துக் கலக்குங்கள். சிட்ரிக் ஆசிட் பரலாக இருந்தால், துளி ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் பொடியுங்கள். தூசி அடங்கியபின் மூடியைத் திறங்கள்; மூக்கில் ஏறினால் எரியும்.

2. எண்ணெயையும் தைலத்தையும் சோடாக் கலவையில் விட்டு, கட்டியில்லாமல் விரலால் தேய்த்துவிடுங்கள். சிட்ரிக் ஆசிட்டை இதற்குப் பிறகுதான் சேர்த்துக் கலக்க வேண்டும். ஒவ்வொரு சோடாத் துகளிலும் எண்ணெய் படிந்திருந்தால் காற்றின் ஈரம் சட்டென்று உள்ளே இறங்காது.

3. ஆல்கஹாலை இரண்டு மூன்று தடவை மட்டும் அடித்து, உடனே கிளறுங்கள். பதம் வரும்வரை இப்படியே செய்யுங்கள். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

4. புட்டு மாவுப் பதம்தான் கணக்கு: பிடித்தால் நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

5. ஸ்டீல் இட்லித் தட்டின் குழியில் அழுத்தி நிரப்பி, 10 நிமிடம் கழித்துக் கவிழ்த்துத் தட்டுங்கள். அலுமினியத் தட்டு வேண்டாம். சிட்ரிக் ஆசிட் அதை அரிக்கும். வீட்டில் குளியல் தொட்டி இல்லாவிட்டாலும், கால் ஊறவைக்கும் பேசினுக்கு ஓர் இட்லி அளவு சரியாக இருக்கும்.

அச்சுக்குள்ளேயே பொங்கினால்

காதருகே வைத்தால் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்கும். மேற்பரப்பில் பொடிப்பொடியாகத் துளை விழும். ஆல்கஹாலுக்குப் பதில் தண்ணீர் அல்லது பன்னீர் தெளிப்பதும், 70 சதவீத சானிடைசரைப் பயன்படுத்துவதும்தான் வழக்கமான தவறுகள். அந்தச் சானிடைசரில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். திரவ ஃபுட் கலரும் அப்படித்தான்; நிறம் வேண்டுமென்றால் தோலுக்கு ஏற்ற மைக்கா பொடி வாங்குங்கள். எப்சம் உப்பு சேர்க்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. அந்த உப்பின் படிகத்திலேயே நீர் அடங்கியிருக்கிறது, மழைக்காலத்தில் விட்டுவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பொங்கினால் காற்றுதான் காரணம். மின்விசிறி ஈரக்காற்றையே சுற்றிவிடும், அதனால் பலனில்லை. ஏசி அறை காற்றின் ஈரத்தை இழுத்துவிடும். கலப்பதும் காயவைப்பதும் அங்கேயே நடக்கட்டும். சோடாவின் ஈரம் போகட்டும் என்று வாணலியில் வறுக்காதீர்கள். அதிகச் சூட்டில் அது சலவை சோடாவாக மாறத் தொடங்கும்.

பொங்கிய கலவையை வீணாக்க வேண்டாம். தட்டில் பரப்பிக் காயவைத்து, பொடியாகவே கால் ஊறவைக்க எடுத்துக்கொள்ளலாம். நுரை கொஞ்சம் குறைவாக வரும், அவ்வளவுதான்.

உதிர்ந்தால், பிளந்தால்

உதிர்ந்தால் பதம் வறண்டுவிட்டது, அல்லது அழுத்தம் போதவில்லை. மறுபடி பொடித்து, இரண்டு ஸ்பிரே அடித்து அழுத்துங்கள். ஒரு நாள் கழித்துப் பிளந்தால் உள்ளே மெதுவாகப் பொங்கியிருக்கிறது என்று பொருள், ஈரம் கூடிவிட்டது.

மூன்றாம் நாளும் கல்லாகாமல் கொழகொழவென்றே இருந்தால் எண்ணெயைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் உறையும். குளிர்நாட்டில் அது தானாக இறுகிக் கலவையைப் பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி திரவம்தான். பாதியைக் குறைத்து, அதற்குப் பதில் உருக்கிய கொக்கோ வெண்ணெய் ஒரு டீஸ்பூன் விடுங்கள். அது 34 டிகிரி வரை கெட்டியாக நிற்கும். எண்ணெய் குறைந்தால் பாத்ரூம் டைல்ஸில் வழுக்குவதும் குறையும்.

தண்ணீரில் போட்டால் நுரையே இல்லை

காயும்போதே மெதுவாக வினைபுரிந்து தீர்ந்திருக்கும், அல்லது சோடா பழையது. ஒரு டீஸ்பூன் சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். படபடவென்று நுரைத்தால் சோடாவில் பழுது இல்லை.

காயவைப்பதும் வைத்திருப்பதும்

24 முதல் 48 மணி நேரம் திறந்து காயவிட்டு, பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிவையுங்கள். ஈரம் போகாததைக் கண்ணாடிப் பாட்டிலில் இறுக்கி மூடவே கூடாது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.

எலுமிச்சைப்புல் தைலம் வாசனையில் அருமை, ஆனால் அளவு மீறினால் தோல் சிவக்கும். 10 சொட்டுக்கு மேல் போக வேண்டாம். காலில் வெடிப்போ புண்ணோ இருப்பவர்களும், சர்க்கரை நோயாளிகளும் இந்தத் தண்ணீரில் கால் வைக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.